வெட்டப்படாத காட்சி

பெருங் கம்பனிகள் வெளியிடும் பாடற் படங்களிலே கண்ணிமைக்கு முன் காட்சி மாறும். சிறு இசைக் குழுக்களின் படங்களிலோ நாம் பெரும்பாலும் வேறொரு வழக்கத்தைக் காண்கிறோம். கமரா ஓரிடத்தில் நிற்கும். பாட்டு முடியும்வரை காட்சி வெட்டப்படுவதில்லை. பணமுடையிற் பிறந்த வழக்கம் இது. இன்று அதுவே ஒரு பாணியாகிவிட்டது.

அமெரிக்காவின் 'ஓகே கோ' குழுவினரை நோக்குவோம். அக்காலத்தில் அவர்கள் பெரிய கம்பனியொன்றிற் சேர்ந்திருந்தனர் என்பது உண்மையே. எனினும் நடை சிறியோர் நடையே. 2005இல் பாடகர் டேமியன் குலாஷின் வீட்டுப் பின்வளவில் நால்வரும் நின்று ஆடினர். மறு ஆண்டில், அவருடைய சகோதரியார் திரிஷ் சீ அமைத்த ஆட்டத்தை, எட்டு ஓட்டப்பயிற்சிப் பொறிகளின்மீது தாவியும் வழுக்கியும் ஆடிக் காட்டினர். ஒருவர் கால் தவறினாலும் முதலிலிருந்தே தொடங்கவேண்டும். வெட்டி ஒட்டிப் பிழையை மறைக்க வழியில்லை. 2007இல் அப்படத்திற்குக் கிராமி விருது கிடைத்தது.

பின்னர் 2010இல் அவர்கள் கம்பனியை விட்டு விலகித் தாமே ஒரு வெளியீட்டகம் தொடங்கினர். அதே ஆண்டில், ஒன்றையொன்று தட்டிவிடும் நூற்றுக்கணக்கான பொருள்களால் ஒரு பெரும் பொறியமைத்துப் படமெடுத்தனர். செலவை ஏற்றது ஒரு காப்புறுதி நிறுவனம்! ஏழையின் உடையைச் செல்வம் உடுத்ததோ என்று நாமும் ஐயுற்றோம். ஆயினும் பணம் பொருள்களை வாங்கித் தரலாம். அவை உரிய கணத்திற் சரிவதை அதனால் வாங்க முடியாதே.