இறக்கை செய்வது தள்ளுவேலை

விமானம் எப்படிப் பறக்கிறது என்று கேட்டால் படித்தவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் ஒப்பிப்பார்கள். இறக்கையின் முதுகு வளைந்திருக்கிறது. மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம். கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்விளிம்பைச் சேரவேண்டும் என்பதால் அது வேகமாக ஓடுகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். பரீட்சையில் இதற்கு முழு மார்க்கும் விழும். விமானப் பராமரிப்பிலேயே காலத்தை ஓட்டிய எனக்கு இதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். இரண்டு காற்றும் பின்னால் சந்தித்தே ஆகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உண்மையில் மேலே போகும் காற்று முந்திக்கொண்டு போய்விடுகிறது. அதோடு, வளைந்த முதுகுதான் எல்லாம் என்றால் சாகசக் காட்சிகளில் விமானம் தலைகீழாகப் பறப்பது எப்படி?

இறக்கை லேசாக அண்ணாந்தபடி காற்றைக் கிழித்துப் போகிறது. அடியில் வரும் காற்று கீழே திருப்பப்படுகிறது. மேலே வரும் காற்றும் முதுகை ஒட்டிக்கொண்டே வந்து பின்விளிம்பில் கீழ்நோக்கிப் பாய்கிறது. இறக்கை காற்றைக் கீழே தள்ள, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. அப்போது மேற்புறத்தில் அழுத்தம் குறைவதும் உண்மை. வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்ற பெர்னூலி மேல் தப்பில்லை, அவர் பெயரில் உலவும் கதையில்தான் தப்பு.

ஏர்பஸ் ஏ320 முழுப் பாரத்தோடு சுமார் 78 டன். இறக்கைப் பரப்பு சுமார் 122 சதுர மீட்டர். வகுத்தால் சதுர மீட்டருக்கு 640 கிலோ வரும். மலைக்க வேண்டாம். தரைமட்டத்தில் காற்றழுத்தமே சதுர மீட்டருக்குப் பத்து டன். இறக்கையின் மேலுக்கும் கீழுக்கும் அதில் ஆறு சதவீத வித்தியாசம் இருந்தால் போதும்.

தூக்கினால் மட்டும் ஆயிற்றா, திருப்பவும் வேண்டுமே. 1899-இல் டேட்டன் நகரத்துச் சைக்கிள் கடையில் வில்பர் ரைட், ட்யூப் வந்த காலி அட்டைப்பெட்டியைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தபோது, இறக்கையையும் இப்படியே முறுக்கலாமே என்று அவருக்குப் பட்டது. எஞ்சின் பலம் மட்டும் போதாது. 1903-இல், அதே முயற்சியில் இருந்த சாமுவேல் லாங்லியிடம் 52 குதிரைத்திறன் எஞ்சின் இருந்தது. ரைட் சகோதரர்களிடம் 12. லாங்லியின் விமானம் டிசம்பர் 8 அன்று போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. ஒன்பதாம் நாள் ரைட்டுகள் பறந்தார்கள். அந்த முறுக்கு செய்த வேலையை இன்று இறக்கை நுனிப்பக்கமுள்ள அய்லரான் பலகைகள் செய்கின்றன. ஒருபக்கப் பலகை இறங்கினால் மறுபக்கத்தது ஏறும். இறங்கிய பக்கம் தூக்குவிசை கூடி, விமானம் சாய்ந்து திரும்பும்.

தரையிறங்கும் முன் 'உய்ங்' என்று கேட்பது ஃபிளாப் நீளும் சத்தம். வேகம் குறைந்தாலும் எடை குறையாதே. அதனால் இறக்கையின் பரப்பையும் வளைவையும் கூட்டுகிறார்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் முதுகுப் பலகைகள் சடாரென நிமிரும். ஒருமுறை பக்கத்து சீட்டுப் பாட்டி என் கையைப் பிடித்து, "தம்பி, றெக்கை பிஞ்சுபோச்சு பாருங்க!" என்றார். பிய்யவில்லை, அது ஸ்பாய்லர். தூக்குவிசையைக் கெடுத்து எடையைச் சக்கரத்தின்மேல் இறக்குகிறது. இல்லாவிட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது.

இறக்கை அளவுக்குமேல் அண்ணாந்தால், சுமார் 15 டிகிரி தாண்டினால், மேற்காற்று ஒட்டாமல் பிய்ந்துகொள்ளும். இதுதான் ஸ்டால். எஞ்சின் நிற்பதல்ல. 2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447-இல் வேகமானிக் குழாய்களைப் பனிப்படிகம் அடைக்க, குழப்பத்தில் விமானி மூக்கைத் தூக்கியபடியே இருந்தார். எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானம் அட்லாண்டிக்கில் விழுந்தது. 228 பேர் இறந்தார்கள்.

ஜன்னல் சீட் எடுத்தால் இறக்கைக்குச் சற்றுப் பின்வரிசையாகக் கேளுங்கள். தரைக்காட்சி கொஞ்சம் மறையும். ஆனால் இந்தப் பலகைகள் எல்லாம் வேலை செய்வதை அங்கிருந்துதான் நன்றாகப் பார்க்க முடியும்.