தொற்றுக் காய்ச்சலும் கமக்காரரின் முன்னாயத்தமும்

பயிரில் நோய் கண்டபின் மருந்து தேடுவோனிலும் பார்க்க, விதைக்குமுன் நல்விதை தெரிந்தெடுப்போன் குறைந்த நட்டமே அடைவான் என்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர். மனிதரைத் தாக்கும் இன்புளுவென்சா என்னும் தொற்றுக் காய்ச்சலுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

1918ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய இக்காய்ச்சல் ஏறத்தாழ 5 கோடி மக்களை மாய்த்ததென மதிப்பிடப்படுகின்றது. இலங்கையில் அது கொழும்பு, தலைமன்னார் ஆகிய துறைமுகங்கள் வழியாகப் புகுந்தது. 1918 ஒக்டோபர் மாதத்திலும், மீண்டும் 1919 மார்ச் மாதத்திலும் இத்தீவில் உச்சநிலை அடைந்தது. இங்கு ஏற்பட்ட மக்கட்டொகை இழப்பு ஏறத்தாழ 3 இலட்சமாக இருக்கலாமென்பது பிற்கால ஆய்வாளர் கணிப்பு. உலகில் பல இடங்களில் 20 முதல் 40 வயது வரையான உழைப்பாளரே பெருந்தொகையாய் மாண்டனர். ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் யாழ்ப்பாணத்தில் காலபோக நெல்லுக்குக் களை பிடுங்கும் காலமாகும். அவ்வேளை வீட்டிலுள்ளோர் யாவரும் பாயிற் படுத்தால், ஓராண்டு உணவே கேள்விக்குறியாகும்.

இந்நோயை உண்டாக்கும் வைரசு அடிக்கடி உருமாறும் இயல்பினது. பறவை, பன்றி ஆகியவற்றின் வைரசுகளும் மனிதரின் வைரசும் ஓருயிரிற் கலக்கும்போது புதுவகை தோன்றக்கூடும். அதனை எதிர்க்கும் ஆற்றல் பெரும்பாலோருக்கு இராமையால் அது விரைந்து பரவும். 1957, 1968, 2009 ஆகிய ஆண்டுகளிலும் இத்தகைய பெருந்தொற்றுக்கள் நேர்ந்தன. மீண்டும் ஒன்று வருமென்பது உறுதி, எப்போதென்பதே தெரியாதது.

2020ஆம் ஆண்டில் வந்த கொரோனா வேறு வகை நோயாயினும், ஊரடங்கினால் விளைபொருள் சந்தைக்குச் செல்லாது தேங்கியதை நம் தோட்டக்காரர் மறந்திரார். ஆகவே கமக்காரர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் நன்று:

1. கோழிகளை வீட்டின் படுக்குமிடத்திலிருந்து விலக்கி அடைத்தல். அவற்றைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல்.

2. கோழிகள் திடீரெனப் பலவாக இறப்பின், அவற்றை உண்ணாமலும் விற்காமலும் கால்நடை வைத்திய அதிகாரிக்கு உடன் அறிவித்தல்.

3. காய்ச்சலும் இருமலும் உடையோர் களை பிடுங்கவோ சந்தைக்கோ செல்லாது வீட்டில் தனித்திருத்தல். மூச்சுத்திணறல் காணின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல்.

4. நீர் இறைத்தல், களையெடுத்தல், அறுவடை ஆகியவற்றில் ஒரு வீட்டார் நோயுற்றால் எவ்வீட்டார் உதவுவரென அயலவருடன் முன்கூட்டியே பேசி வைத்தல்.

5. அடுத்த போகத்துக்கான விதைநெல்லையும் விதை வெங்காயத்தையும், சில கிழமைகளுக்கான உணவையும் வீட்டிற் சேமித்தல்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நோய் வருமுன் செய்யும் இச்சிறு முயற்சி, நோய் வந்த காலத்தில் உயிரையும் பயிரையும் ஒருங்கே காக்கும்.