மெர்செட்டில் ஹ்மாங் நோயாளிகள்: அன்றும் இன்றும்

லாவோஸ் மலைகளில் அமெரிக்க உளவுத்துறைக்காகப் போரிட்ட ஹ்மாங் மக்கள், 1975-க்குப் பிறகு மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களில் தஞ்சம் புகுந்தார்கள். அங்கிருந்து அமெரிக்கா சென்றவர்களில் ஆயிரக்கணக்கானோர் கலிபோர்னியாவின் மெர்செட் நகரில் குடியேறினார்கள்.

அன்று அந்த ஊர் மருத்துவமனையில் அவர்கள் பேச்சைப் புரிந்துகொள்ள ஆள் கிடைப்பதே அரிது. 1982 அக்டோபரில், வலிப்பு கண்ட மூன்று மாதக் குழந்தை லியா லீயைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் அவசரப் பிரிவுக்கு ஓடினார்கள். போய்ச் சேர்வதற்குள் வலிப்பு நின்றுவிட்டது. நடந்ததைச் சொல்ல அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நெஞ்சுச்சளிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 1983 மார்ச்சில் வலிப்பு வெட்டிக்கொண்டிருக்கும்போதே கொண்டுவந்த பிறகுதான் நோய் இன்னதென்று தெரிந்தது.

அக்காள் கதவை ஓங்கிச் சாத்திய சத்தத்தில் குழந்தையின் ஆன்மா பயந்து வெளியேறிவிட்டது என்று பெற்றோர் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குச் சிகிச்சையில் இடமில்லை. மருந்தை ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று 1985-இல் குழந்தையைப் பிரித்து வேறொரு குடும்பத்திடம் ஒப்படைத்தார்கள். ஆன்மா நீங்காதிருக்க ஹ்மாங் நோயாளிகள் மணிக்கட்டில் கட்டியிருந்த கயிற்றை, சுகாதாரக் கேடு என்று ஊழியர்கள் அறுத்ததும் உண்டு. மந்திரித்த கயிறு கட்டிப் பழகிய நமக்கு அந்த வலி புரியும்.

லியா வீடு திரும்பியபின், 1986 நவம்பரில், நிற்காத வலிப்பும் கிருமித்தொற்றும் அவள் மூளையை அழித்தன. இனிப் பிழைக்கமாட்டாள் என்று மருத்துவர்கள் கைவிட்ட மகளைக் குடும்பம் குளிப்பாட்டி, ஊட்டி, மடியில் வைத்துக் காத்தது. அவள் இறந்தது 2012-இல். பொறுப்பற்றவர்கள் என்று தீர்ப்புப் பெற்ற பெற்றோர்தாம் அந்தச் செவிலியப் பணியைத் தொடங்கி நடத்தினார்கள். ஆன் ஃபாடிமன் 1997-இல் எழுதிய நூல் வழியே இந்தக் கதை மருத்துவ, செவிலியர் கல்லூரி வகுப்புகளுக்குள் நுழைந்தது.

அதே மெர்செட்டில் இன்று நிலைமை வேறு. நோய் தீர்க்கச் சடங்கு செய்யும் ஹ்மாங் பூசாரிகளுக்கு உடற்கூறு, கிருமி பற்றிப் பயிற்சி தரப்பட்டது. 2009 வாக்கில் மெர்சி மருத்துவமனை அவர்களுக்கென்றே ஒரு விதிமுறை வகுத்தது. பாதிரியாரைப் போலவே பூசாரியும் அடையாள அட்டையோடு நோயாளியிடம் செல்லலாம். ஆன்மாவை அழைப்பது, மெல்லிய குரலில் மந்திரம் ஓதுவது உட்பட ஒன்பது சடங்குகளுக்கு அனுமதி உண்டு. நாடு முழுவதும் சட்டமும் மாறியது. அவசர நிலை தவிர, நோயாளிக்காகச் சிறு பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதை 2016-இல் கூட்டாட்சி விதி தடுத்தது.

இந்த மாற்றத்தால் மருத்துவம் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பூசாரி வந்து போனபின் பயம் தெளிந்த நோயாளி, அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிக்கிறார், மாத்திரையை விழுங்குகிறார். அகதியின் நம்பிக்கையை மதிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

அதற்குப் பெரும் செலவும் தேவையில்லை. இந்த நோய் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், எதைக் கண்டு அதிகம் பயப்படுகிறீர்கள் என்று நோயாளியிடமே கேட்கச் சொன்னார் ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர். அகதிகள் வந்து படுக்கும் எந்த வார்டிலும், காய்ச்சல் பார்ப்பதைப் போல இந்தக் கேள்விகளும் முதல் நாளே, அவர்கள் மொழியிலேயே கேட்கப்பட வேண்டும்.