எடை குறைந்த வண்டி – 7: நாற்காலியை அறுத்தவர்

சென்ற வாரம் பாடியைச் சேசிஸிலிருந்து பிரித்து மரக்கட்டைகளின்மேல் இறக்கிவைத்த இடத்தில் நிறுத்தினேன். 1967ஆம் வருஷத்து லோட்டஸ் எலான், நார்ஃபோக்கில் ஒரு சிறிய பட்டறை. மற்றவை தொடர்ந்து படித்துவரும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் எஞ்சினின் தண்ணீர்ப் பம்பைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆயினும், பாடி அகன்றபின் வெளிப்பட்ட சேசிஸும், அதன் பக்கத்தில் விரித்துவைத்திருந்த ஒரு மடக்கு மேஜையும் சேர்ந்து என் கவனம் முழுவதையும் கவர்ந்துகொண்டுவிட்டபடியால், பம்பு சற்றுப் பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

எலானின் சேசிஸைப் பாடியின்றி முதன்முதலாகப் பார்க்கும் எவரும், மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஓடக்கூடிய ஒரு வண்டியை இவ்வளவு சொற்பமான இரும்பைக் கொண்டா கட்டினார்கள் என்று திகைக்காமல் இருக்க முடியாது. மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்து, ஓரங்களைப் பற்றவைத்து, நடுவே ஒரு நீண்ட பெட்டியாகவும், முன்னும் பின்னும் கவட்டையைப் போல இரு கிளையாகப் பிரிவதாகவும் அமைத்திருக்கிறார்கள். முன்கிளைகளுக்கு நடுவே எஞ்சினும், நடுப்பெட்டிக்குள் சுழற்சியைப் பின்னே கொண்டுசெல்லும் தண்டும், பின்கிளைகளுக்கு நடுவே டிஃபரன்ஷியலும் இடம்பெற, ஓட்டுபவரும் உடன் வருபவரும் அந்த முதுகெலும்பின் இருபுறமும் ஏறக்குறையத் தரையோடு தரையாக அமர்கிறார்கள். எல்லாம் சேர்ந்து வண்டியின் எடை ஏறத்தாழ 680 கிலோ.

இத்தனை பூரணமாகத் தோன்றும் இந்த அமைப்பு ஒரு தற்காலிக ஏற்பாடாகப் பிறந்தது என்பது லோட்டஸ் சரித்திரத்தின் விசேஷங்களில் ஒன்று. இதற்கு முந்தைய வண்டியாகிய எலீட்டில், லோட்டஸின் ஸ்தாபகர் காலின் சாப்மன் சேசிஸ் என்பதையே நீக்கிவிட்டு, கண்ணாடி இழையாலான பாடியையே பாரம் தாங்கும் கூடாக நிர்மாணித்திருந்தார். 1957இல் வெளிப்பட்ட அந்த வண்டி கண்ணுக்கு இனியது. ஆனால் தயாரிப்புச் செலவு ஸ்தாபனத்தை வருத்தியது. அடுத்த வண்டியையும் அதே முறையில், ஆனால் கூரையில்லாத திறந்த வண்டியாகச் செய்ய முனைந்தபோது, கூரை அளித்துவந்த விறைப்புக்கு எங்கே போவது என்ற கஷ்டம் எழுந்தது. பாடியைப் பற்றிய ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே சக்கரங்களையும் சஸ்பென்ஷனையும் ரோட்டில் ஓட்டிச் சோதிக்க வேண்டியிருந்ததால், அதற்கென்று அவசரமாகத் தகட்டை மடித்து ஒரு முதுகெலும்பு செய்தார்கள். சோதனைக்காகச் செய்த அந்த முதுகெலும்பின் விறைப்பு எதிர்பார்ப்பையெல்லாம் கடந்து நின்றது. பிறகு எதற்காக வேறொன்றைத் தேட வேண்டும்? அதையே வைத்துக்கொண்டார்கள்; 1962ஆம் வருஷம் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் எலான் ஜனங்களின் பார்வைக்கு வந்தது.

ஆனால் மெல்லிய தகட்டுக்குத் துரு என்ற ஜன்ம சத்துரு உண்டு. நம்முடைய வண்டியில் அது எங்கே குடிபுகுந்திருந்தது என்பதைச் சேசிஸைப் பார்ப்பதற்கு முன்பே பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். எலானின் முன்விளக்குகள் பகலில் மூக்குப்பகுதிக்குள் படுத்திருந்து, தேவைப்படும்போது எழும்புபவை. எழுப்புவது மின்சார மோட்டார் அன்று, எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம். எஞ்சின் வேகத்துக்கேற்ப அந்த உறிஞ்சுதல் ஏறி இறங்குமாதலால், வெற்றிடத்தைச் சேமித்துவைக்க ஒரு பாத்திரம் வேண்டும். தனியாக ஒரு பாத்திரம் வைத்தால் எடை கூடுமே என்று, சேசிஸின் முன்குறுக்குப் பெட்டியையே காற்றுப் புகாமல் அடைத்து அந்த வேலைக்கும் அமர்த்தினார்கள். ஒரே தகடு, சக்கரங்களின் பாரத்தையும் தாங்குகிறது, விளக்குகளையும் எழுப்புகிறது. ஆகவே, இரவில் ஓடிக்கொண்டிருக்கும்போது எலானின் விளக்குகள் தாமாகவே மெல்ல மெல்லச் சாயத் தொடங்கினால், குழாய்களையும் வால்வையும் சோதித்துப் பார்த்தபின், அனுபவமுள்ளவர்கள் அடுத்தபடியாகச் சந்தேகிப்பது அந்தக் குறுக்குப் பெட்டியைத்தான். உள்ளிருந்து அரித்த துரு ஊசிமுனை அளவு துவாரம் செய்தாலும் வெற்றிடம் நில்லாது. நம் வண்டியின் இடது விளக்கு வெகுகாலமாகவே பாதிதான் எழும்பிக்கொண்டிருந்தது. பாடி அகன்றதும் பட்டறைக்காரர் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியின் அடிப்பக்கத்தில் மெதுவாக ஊன்ற, கறுப்புச் சாயத்தோடு கூடிய தகடு உள்ளே போயிற்று. விரலால் தடவியபோது செம்பழுப்பு நிறத்தில் தூள் கொட்டியது.

சஸ்பென்ஷனைத் தாங்கும் முன்கோபுரங்களின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருந்த துவாரமும் மண்ணடைத்துக் கிடந்தது. அறிந்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒரு கம்பியை நுழைத்து அதைச் சுத்தம் செய்வார்கள். இந்த வண்டிக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

இனி மடக்கு மேஜைக்கு வருகிறேன். விளக்குகளைக் கழற்றியபின், அவற்றைத் தாங்கும் கண்ணாடி இழைக் கிண்ணத்தைப் பிடித்துவைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது. கிண்ணமோ ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகியது. சாதாரண வைஸில் வைத்தால் ஒரு முனையில் நெரியும், மறுமுனையில் நழுவும். பட்டறைப் பையன் மூலையிலிருந்த மடக்கு மேஜையை விரித்தான். மேல்பலகை இரண்டாகப் பிளந்திருக்கிறது. இரு முனையிலும் தனித்தனியே கைப்பிடித் திருகு. ஒன்றை அதிகமாகவும் மற்றதைக் குறைவாகவும் திருகியதும், பலகைகள் கோணலாக நெருங்கி, கிண்ணத்தை அதன் வடிவத்துக்கு இசையவே பற்றிக்கொண்டன. கீழேயுள்ள படியில் பையன் ஒரு காலை ஊன்றினான். அவனுடைய பாரத்தினாலேயே மேஜை அசையாமல் நின்றது. வொர்க்மேட் என்று உலகெங்கும் கடைகளில் விற்கும் சாதனம்தான் அது. அதை யார் கண்டுபிடித்தார் என்று பட்டறைக்காரர் என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். அவர் எலானின் பாடியைச் சுட்டிக்காட்டினார்.

எலானை வடிவமைத்த ரான் ஹிக்மனே அந்த மேஜையையும் கண்டுபிடித்தவர்! ஒரு வாரமாக நான் இதைத் தவிர வேறொன்றையும் நினைக்கவில்லை என்றால் அது மிகையாகாது.

ஹிக்மன் 1932இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்தில் கிரேடவுன் என்ற சிற்றூரில் பிறந்தவர். முதலில் அவர் நாடியது சட்டத் துறையை. ஆனால் மோட்டார் வண்டிகளின்மேல் கொண்ட மோகம் அவரை 1950களின் நடுவில் லண்டனுக்குக் கொண்டுவந்தது; சிறிது காலம் சங்கீதப் புத்தகங்கள் வெளியிடும் நிறுவனத்தில் வேலை, பிறகு ஃபோர்டு கம்பெனியில் வண்டிகளின் களிமண் மாதிரிகளைச் செய்யும் வேலை, அங்கிருந்து லோட்டஸ். முறையான எஞ்சினீயரிங் பட்டம் எதுவுமின்றி, கையாலும் கண்ணாலும் கற்ற மனிதர். எலானின் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த 1961இல், வீட்டில் தம் கையாலேயே ஓர் அலமாரி செய்ய முனைந்தார். பலகையை அறுப்பதற்குத் தாங்கலாக வீட்டிலிருந்த ஸ்வீடன் தேசத்து நாற்காலியை உபயோகித்தார், விலையுயர்ந்த நாற்காலி. ரம்பம் பலகையோடு நாற்காலியையும் அறுத்துவிட்டது. வேறொருவராக இருந்தால் இரண்டு நாள் வருந்தி, நாற்காலியைப் பழுதுபார்க்கக் கொடுத்து, மறந்திருப்பார். ஹிக்மனோ, வீட்டில் வேலை செய்பவனுக்கு மேஜையாகவும் வைஸாகவும் அறுக்கும் தாங்கலாகவும் பயன்பட்டு, வேலை முடிந்ததும் மடங்கி மூலையில் ஒதுங்கும் ஒரே சாதனம் ஏன் இருக்கக்கூடாது என்று யோசிக்கத் தொடங்கினார்.

1967இல் லோட்டஸை விட்டு விலகியபின் அந்தச் சாதனத்தைத் தூக்கிக்கொண்டு கருவி உற்பத்தி ஸ்தாபனங்களின் வாசல்களில் ஏறி இறங்கினார். ஒருவரும் சட்டை செய்யவில்லை. பெயர்பெற்ற ஸ்தாபனம் ஒன்று, இது நூற்றுக்கணக்கில்கூட விற்காது, டஜன் கணக்கில்தான் விற்கும் என்று அபிப்பிராயம் தெரிவித்தது. அவரைத் திருப்பியனுப்பிய ஸ்தாபனங்களில் பிளாக் அண்ட் டெக்கரும் ஒன்று. மனம் தளராமல் 1968 முதல் தாமே செய்து தாமே விற்றார். விற்பனை வளர்ந்ததைக் கண்ட அதே பிளாக் அண்ட் டெக்கர் 1972இல் தயாரிப்பை ஏற்றது. 2011இல் ஜெர்ஸி தீவில் அவர் காலமானபோது, சுமார் மூன்று கோடி மேஜைகள் விற்றிருந்தன. எலானோ பதினொரு வருஷங்களில் ஆயிரக்கணக்கில்தான் உற்பத்தியாயிற்று.

சேசிஸையும் மேஜையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் எஃகுத் தகட்டை மடித்தே வலுவைப் பெற்றிருக்கிறார்கள். இரண்டிலும் ஓர் உறுப்பு ஒரே வேலையோடு ஓய்ந்திருப்பதில்லை. குறுக்குப் பெட்டி வெற்றிடத்தைச் சேமிப்பதுபோல, மேஜையின் மேல்பலகையே வைஸின் தாடையுமாகிறது. ஓட்டுபவரின் பாரமும் வேலை செய்பவரின் பாரமும்கூடக் கணக்கில் சேர்ந்திருக்கின்றன. ஒரே மனிதரின் பங்கோடு, ஒரே காலத்தில் இரண்டும் உருவானதால் இந்த ஒற்றுமை தற்செயலானதென்று நான் கருதவில்லை. இதே நேட்டால் மாகாணத்தின் டர்பன் நகரில் பிறந்த கார்டன் மர்ரே, பின்னாளில் மக்லாரன் எஃப்1 என்னும் அதிவேக வண்டியைப் படைத்தவர், எலானின் ஸ்டீரிங் சுகத்தைத் தம்முடைய வண்டிக்குக் கொடுக்க இயலவில்லையே என்று ஏங்கினார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இத்தகைய வண்டியை மேம்படுத்துவது என்பது மிகுந்த நிதானத்தோடு செய்ய வேண்டிய காரியம். ஓர் உறுப்பு இரண்டு மூன்று வேலை செய்யும் இடத்தில், அதை மாற்றுபவர் எல்லா வேலைகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். சேசிஸ் விஷயத்தில் எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: பழையதை வெட்டி ஒட்டுப்போடுவது, துத்தநாகம் பூசிய புதிய சேசிஸ் வாங்குவது, குழாய்களால் பின்னிய வேறு வகைச் சேசிஸைப் பொருத்துவது. மூன்றாவது வழிக்கு ஆதரவாளர்கள் அநேகர். எனினும், மடித்த தகட்டின் குணமே எலானின் குணம் என்று கருதுகிற நான், துத்தநாகம் பூசியதற்கே வாதாடினேன், பட்டறைக்காரரும் இசைந்தார். வெற்றிடத்துக்கு மட்டும் தனியாக ஒரு சிறு பாத்திரம் வைக்கத் தீர்மானித்திருக்கிறோம். அதனால் கூடும் சொற்ப எடை என் மனத்தை உறுத்தினாலும், புதிய சேசிஸின் உட்புறத்தில் மெழுகுப் பூச்சுத் தாராளமாகப் பாய்ச்சலாம் என்பது ஆறுதல்.

பின்சக்கரங்களின் தண்டுகளைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு ஒவ்வொன்றின் இரு முனையிலும், கையகலத்தில் தடித்த ரப்பர் வளையம் ஒன்று. அதைத்தான் ரோட்டோஃப்ளெக்ஸ் என்கிறார்கள். சக்கரம் ஏறி இறங்கும்போது வளைந்துகொடுப்பதும், சுழற்சியைக் கடத்துவதும், கியர்களுக்கு ஏற்படும் அதிர்ச்சியை விழுங்குவதும் அதன் வேலை. கிளட்சைச் சற்றுத் திடீரென்று விட்டால் ரப்பர் முறுக்கேறி, பின் அவிழ்ந்து, வண்டி துள்ளித் துள்ளிப் போகும். நாள்பட்டால் ரப்பரில் வெடிப்புக் காணும். அறுந்தாலோ, சுழலும் தண்டு சுற்றியுள்ளதையெல்லாம் அடித்து நொறுக்கும். ஆகையால் இந்நாளில் பலர் வளையங்களை நீக்கிவிட்டு, சி.வி. ஜாயிண்ட் கொண்ட தண்டுகளைப் பொருத்துகிறார்கள். துள்ளல் அடங்குகிறது, கிளட்ச் சுத்தமாகப் பிடிக்கிறது. ஆனால் அந்த ரப்பர் வேறொரு காரியத்தையும் சத்தமின்றிச் செய்துவந்தது: வண்டியை ஜாக்கியில் தூக்கும்போது சக்கரம் அளவுக்கு மீறித் தொங்காமல் தடுத்துப் பிடித்தது. வளையத்தை எடுத்தவர், சக்கரத்தின் தொங்கலுக்கு வேறு கட்டுப்பாடு செய்யாவிட்டால், புதிய ஜாயிண்ட் தாங்கும் கோணத்தைத் தண்டு கடந்துவிடும். வண்டியின் சொந்தக்காரர் நெடுந்தூரம் ஓட்ட விரும்புகிறவர், அவருக்குச் சி.வி. தண்டுகளே உகந்தவை என்று பட்டறைக்காரர் சொல்கிறார். நல்ல ரப்பர் கிடைத்தால் பழையதே போதும் என்பது என் கட்சி. வண்டி என்னுடையதில்லையாதலால் என் கட்சி தோற்கும் என்று தோன்றுகிறது.

பாடியைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவே: பெயிண்டைக் கரைக்கும் காரமான ரசாயனங்கள் கண்ணாடி இழைக்கு ஆகாதாகையால், அடுக்கடுக்காகப் பூசியிருந்த சாயத்தைப் பையன் உளி போன்ற தகட்டால் பொறுமையாகச் சுரண்டிக்கொண்டிருக்கிறான். சிவப்புக்கு அடியில் மஞ்சள் வந்திருக்கிறது. கதவோரத்தில் நட்சத்திரம் போல் சிதறிய வெடிப்புகளை அடிவரை தேய்த்தெடுத்துப் புது இழை படிய வைக்க வேண்டும்.

பம்புக்கு வருகிறேன். 1558 சி.சி. கொள்ளளவுள்ள இந்த எஞ்சின், ஃபோர்டு கம்பெனியின் அடிப்பாகத்தின்மேல், ஹாரி மண்டி என்பவர் வடிவமைத்த இரட்டைக் கேம்ஷாஃப்ட் தலையை ஏற்றியது என்பதை மூன்றாம் அத்தியாயத்தில் பார்த்தோம். தண்ணீர்ப் பம்போ முன்புறத்துச் சங்கிலி மூடிக்குள்ளேயே பொதிந்திருக்கிறது; ஒரு சிறு பேரிங்கும் சீலும் தேய்ந்ததற்காக, கீழே எண்ணெய்த் தொட்டியையும் மேலே ஹெட்டையும் கழற்ற நேர்கிறது. இதற்கு மாற்றாக, பம்பை மட்டும் முன்பக்கமாகவே உருவியெடுக்கும்படி திருத்திய மூடி ஒன்று இப்போது கிடைக்கிறது. அதை வரவழைத்திருக்கிறோம். ஃபேன் பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியதே பழைய பேரிங் தேய்ந்ததற்குக் காரணமா என்பதையும், டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் வைத்தால் அந்த இறுக்கம் என்னவாகும் என்பதையும், மூடியைப் பொருத்தும்போதே அடுத்த வாரம் விவரிக்கிறேன்.

(தொடரும்)