முப்பத்தொன்று கழியட்டும் என்று காத்திராதீர்கள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டில் பிள்ளை குறைமாதத்தில் பிறந்தால் சொந்தக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை கிராம்?" அடுத்தது, "மூச்சு எப்படி?" கண்ணைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. வெளியே பார்க்கக் கண் முழுதாகவே இருக்கும்.

கோளாறு உள்ளே, விழித்திரையில். அதன் இரத்தக் குழாய்கள் கருவின் 16ஆம் வாரமளவில் பார்வை நரம்பருகே புறப்பட்டு, மூக்குப் பக்க விளிம்பை 36ஆம் வாரமளவிலும் காதுப் பக்க விளிம்பை 40ஆம் வாரமளவிலும் எட்டும். 28 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பயணம் பாதிவழியில் இருக்கிறது. கருப்பையில் பழகியதைவிட வெளியே ஒட்சிசன் அதிகம்; குழாய்கள் வளர்வதை நிறுத்திவிடுகின்றன. சில வாரங்களில், இரத்தம் எட்டாத விழித்திரை ஒட்சிசனுக்குத் தவித்து, குழாய்களைத் தூண்டும் புரதத்தை மிகையாகச் சுரக்கிறது. தாறுமாறாக முளைக்கும் புதுக் குழாய்கள் கசிந்து, தழும்பாகி, விழித்திரையைப் பிய்த்து இழுத்துவிடும். பிறகு பார்வை மீள்வது அரிது.

பொஸ்டனில் தியோடர் டெரி இந்தக் கண்நோயை 1942இல் விவரித்தார். ஒட்சிசன் மீது சந்தேகத்தை 1951இல் எழுப்பியவர் மெல்பேர்ன் வைத்தியர் கேட் கம்பெல். காரணம் உறுதியாவதற்குள் உலகில் ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் பார்வை இழந்தார்கள். 1950இல் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். பயந்துபோய் ஒட்சிசனைக் கடுமையாகக் குறைத்தபோது கண்கள் தப்பின, உயிர்கள் போயின. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வும் அதையே காட்டியது: அளவைத் தாழ்த்தினால் கண்நோய் குறைகிறது, மரணம் கூடுகிறது. ஆகவே "ஒட்சிசன் வைத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்று தாதியரை நோவது நியாயமில்லை. அளந்து கொடுக்கும் ஒட்சிசன்தான் பிள்ளையைக் காப்பாற்றுகிறது.

காசல் வீதி, டி சொய்சா போன்ற மகப்பேற்று வைத்தியசாலைகளில் இன்று ஒரு கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளும் பிழைக்கிறார்கள். பிழைப்பவர்கள் கூடக்கூட, கண்ணைப் பார்க்கும் பொறுப்பும் கூடுகிறது. எப்போது பார்ப்பது என்பதற்குப் பக்கத்து நாட்டு முறையைப் பாருங்கள்: இந்தியாவில் 2,000 கிராமுக்குக் குறைந்தோ 34 வாரத்துக்கு முந்தியோ பிறந்த பிள்ளைக்கு 30 நாளுக்குள் முதல் பரிசோதனை. மிகச் சிறியவர்களுக்கு இன்னும் முந்தி. நோய் முற்றும் கட்டத்தில் இரண்டு மூன்று நாளுக்குள் லேசரோ ஊசியோ வேண்டும்.

நம் வீடுகளில் 31ஆம் நாள் துடக்குக் கழியுமுன் தாயும் பிள்ளையும் வெளியே போவதில்லை. பரிசோதனைத் திகதி விழுவதும் அந்த நாட்களில்தான். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கண் பரிசோதனைத் திகதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வார்ட்டை விட்டு வெளியேறுமுன் கேளுங்கள். அம்மம்மா மறித்தாலும் அந்தத் திகதியில் பிள்ளையைக் கொண்டுபோங்கள்.