செய்தியும் விசுவாசமும்: ரோம் வீழ்ந்த நாளில்

போர்ச் செய்தி பெருகப் பெருக, கடவுளின் ஆளுகை எங்கே என்ற கேள்வி ஆலயங்களுக்குள்ளும் கேட்கிறது. இதே கேள்வியைத் திருச்சபை ஒருமுறை மிகக் கடுமையாகச் சந்தித்தது. கி.பி. 410 ஆகஸ்டில் அலாரிக்கின் விசிகோத் படை ரோமுக்குள் புகுந்து மூன்று நாள் சூறையாடியது. ஏறத்தாழ 800 ஆண்டுகளாக அந்நியர் கைப்படாத நகரம் அது. பழைய தெய்வங்களைக் கைவிட்டதற்கான தண்டனை இது என்றார்கள் ஒரு சாரார். கிறிஸ்தவர்களோ இன்னும் ஆழமாகக் கலங்கினார்கள். பேரரசர்களே ஞானஸ்நானம் பெற்றிருந்த காலமாதலால், ரோமின் பாதுகாப்பையே கடவுளின் வாக்குறுதியாக அவர்களில் பலர் எண்ணிவிட்டிருந்தார்கள். இன்றைய கலக்கத்திலும் பாதி இந்தக் குழப்பத்திலிருந்தே பிறக்கிறது என்பேன். நமக்குப் பழகிய ஒழுங்கு குலையும்போது, கடவுளே தோற்றுவிட்டதாகத் தோன்றுகிறது.

வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் 413இல் 'கடவுளின் நகரம்' நூலைத் தொடங்கி, 22 பாகங்களாக எழுதி முடித்தார். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே கவுல் இனத்தவர் ரோமை எரித்தார்கள், மாரியுஸும் சுல்லாவும் உள்நாட்டுப் போரில் அதை இரத்தத்தில் நனைத்தார்கள் என்று அவர் வரலாற்றையே சாட்சிக்கு அழைத்தார். எந்த அரசும் நிரந்தரம் என்று கடவுள் வாக்களிக்கவில்லை; ஆகவே ஓர் அரசின் வீழ்ச்சி விசுவாசத்தைப் பொய்யாக்காது. ஆனால் நல்லவர்களும் பிறர் பாவத்தைக் கண்டிக்காததற்காகவே சேர்ந்து துன்புற்றார்கள் என்று அவர் விளக்கும் பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் இவையெல்லாம் உலக முடிவின் அடையாளங்கள் அல்லவா என்று சிலர் கேட்பார்கள். சலோனா நகர ஆயர் எசிக்கியுசும் அகுஸ்தீனிடம் இதைத்தான் கேட்டார். அந்த நாளைக் கணக்கிடுவது நமக்கு அருளப்படவில்லை என்பதே பதில். வலுவான ஆட்சேபம் வேறு: வானத்து நகரத்தைப் பேசுவது பூமியின் துயரத்திலிருந்து தப்பிக்கும் வழியாகாதா? ஆகலாம், ஆகியும் இருக்கிறது. ஆனால் அன்று நடந்தது அதுவல்ல. பெத்லகேமில் எசேக்கியேல் நூலுக்கு உரை எழுதிவந்த ஜெரோம், ரோமின் செய்தி கேட்டு நிலைகுலைந்தார். பின்னர் மேற்கிலிருந்து அகதிகள் வந்து சேர்ந்தபோது, உரையை ஒதுக்கிவைத்து அவர்களைக் கவனித்தார். அகுஸ்தீன் சிறைப்பட்டோரை மீட்க ஆலயப் பாத்திரங்களையே உருக்கச் செய்தார் என்று அவருடன் வாழ்ந்த பொசிதியுஸ் பதிவுசெய்கிறார். வாண்டல் படை நெருங்கியபோது, மக்கள் இருக்கும்வரை குருக்கள் ஊரைவிட்டு ஓடலாகாது என்று அகுஸ்தீன் எழுதினார். 430இல் முற்றுகைக்குள்ளிருந்த ஹிப்போவிலேயே இறந்தார். கைக்கு எட்டாத செய்தியைக் கேட்டு அவர்கள் ஜெபித்தார்கள். வாசலுக்கு வந்த துயரத்தைத் தீர்க்க உழைத்தார்கள். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், போரில் வீடிழந்தவர்களுக்காக நம் சபை என்ன செய்கிறது என்று உங்கள் போதகரிடம் கேளுங்கள்.