ஆழத்து நீரும் எழுவான்கரைக் கிணறும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்றரை எழுவான்கரையாகும். ஒருபுறம் கடல், மறுபுறம் கடலோடு கலக்கும் வாவி. இவ்விரண்டுக்கும் நடுவே, சில முழம் தோண்டிய பூவலிலும் நன்னீர் ஊறுகின்றது. இந்நீரின் ஊற்றுக்கண் யாது என்னும் வினா பழையது. புவியின் ஆழத்தே பெருங்கடலொன்று மறைந்துள்ளதென 2014இல் பரவிய செய்தி, அவ்வினாவுக்குப் புதியதோர் உருவைத் தந்துள்ளது. அந்த ஆழத்து நீருக்கும் நம் கிணற்றுக்கும் தொடர்பு உண்டா?

புவியோட்டின் கீழ் ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழம்வரை பரந்துள்ள பாறைப்படை ‘கவசம்’ எனப்படும். அதில் 410 முதல் 660 கிலோமீற்றர் வரையுள்ளது இடைமாறு வலயம். அவ்வலயத்தின் கீழ்ப்பகுதிக்குரிய கனிப்பொருள் ரிங்வூடைற்று. கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரகம் பியர்சன் குழுவினர், பிரேசிலில் கிடைத்த வைரமொன்றினுள் இதன் நுண்துணுக்கைக் கண்டறிந்து 2014இல் அறிவித்தனர். அதன் நிறையில் ஏறத்தாழ 1.5 வீதம் நீராயிருந்தது. ஆயினும் அது அலையெறியும் கடலன்று. ஒட்சிசனும் ஐதரசனும் இணைந்த கூறுகளாய்ப் பளிங்கின் கட்டமைப்பினுள் பிணைந்து கிடப்பதே அந்நீர். உருசியாவின் கோலாவில் மனிதன் இட்ட மிக ஆழமான துளையும் 12 கிலோமீற்றரைச் சற்றே கடந்தது. எனவே, ஆழத்து நீரை இறைத்துப் பருகலாம் என்பது வெறுங்கனவு.

அந்நீரின் ஒரு பங்கு கீழிறங்கும் வழி நமக்கு அயலிலேயே உள்ளது. கடலடிப் பாறை நீண்டகாலம் நீரை ஏற்றுக் கனிப்பொருள்களில் பிணைத்துக்கொள்கின்றது. சுமாத்திராவின் மேற்கே அப்பாறை அயற்றகட்டின் கீழ் அமிழும்போது நீரும் உடன் அமிழ்கின்றது. ஒரு பகுதி வெளியேறி, மேலுள்ள பாறையை உருகச்செய்து எரிமலைகளுக்கு வித்தாகின்றது; எஞ்சியது ஆழம் செல்கின்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் 9.1 அளவிலான நிலநடுக்கமாய் வழுகியது இத்தகைய தகட்டெல்லையே. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துள் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் தாக்கிற்று. எண்ணற்ற உயிர்களைப் பலிகொண்ட அவ்வலை, எஞ்சியோரின் கிணறுகளை உவராக்கிச் சென்றது. ஆழத்து நீருக்கும் நம் கிணற்றுக்கும் உள்ள மெய்யான தொடர்பு இதுவே.

கிணற்றுக்கு நீர் தருவது ஆழமன்று, வானமே. வடகீழ்ப் பருவமழை மணலூடு வடிந்து, அடியிலுள்ள உவர்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கின்றது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதிலொரு பங்கு அடர்த்தி மிக்கது. ஆதலால், மணல் போதிய ஆழமுள்ளவிடத்து, நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால், கோட்பாட்டளவில் கீழே நாற்பது மீற்றர் வரை நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கம் அச்சந்தருவது. மேல்மட்டம் ஒரு சாண் தாழின், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் நாற்பது சாண் உயர இடமுண்டு.

இந்த உண்மை 2005இல் நடைமுறையில் உணரப்பட்டது. கிணற்றை மீண்டும் மீண்டும் இறைத்தால் உவர் நீங்கும் என்பது பலரின் எண்ணம். ஆனால் அளவுகடந்த இறைப்பு அடியிலுள்ள உவரையே மேலிழுக்கும். கிணறுகளை உண்மையில் கழுவியது அடுத்தடுத்து வந்த மழையே.

ஆழிப்பேரலை அரிதாய் வருவது. நீர்ப்பம்பிகளின் மிகை இறைப்பும், மலசலகூடக் குழிகளின் கசிவும், தோட்ட உரத்தின் நைத்திரேற்றும் நாள்தோறும் நிகழ்வன. மணல் நீரை விரைந்து ஏற்பது போலவே மாசையும் விரைந்து ஏற்கும். வில்லைக்கு வேலியில்லை, ஒருவர் மிகையாய் இறைப்பது அயலாரின் கிணற்றையும் தாக்கும். ஆகவே அதனைக் காப்பது தனி வீட்டாரின் பொறுப்பாக மட்டும் அமையாது, ஊராரின் பொதுக்கடனாகும்.